அலமாரிச் சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

மாடியில் உன் அறையை நாள்வாடகைக்கு விட ஏற்பாடு செய்ததிலிருந்து, தங்கிப் போகிறவர்களை ரிவ்யூ எழுதச் சொல்லுங்கள் என்று நீயும் நச்சரித்துக்கொண்டே இருந்தாய். எனக்கு நாக்கு எழவில்லை. வசதியாக இருந்ததா என்று கேட்கலாம், வசதியாக இருந்தது என்று ஊருக்குச் சொல் என்று எப்படிக் கேட்பது. உன் அப்பா எனக்கு மேலே. பெட்டியோடு கிளம்புகிறவர்களிடம் "குறை இருந்தா மனசுல வெச்சுக்காம எங்ககிட்டயே சொல்லிடுங்க" என்பார். அவர்களும் குழாய் சொட்டுகிறது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பேன் நான், அவர்களும் மறக்காமல் கூப்பிட்டு வாயாரப் பாராட்டுவார்கள். பாராட்டெல்லாம் என் காதோடு நின்றது, அறைக்காக நீ நெட்டில் போட்ட பக்கத்தில் ஒரு வரி இல்லை. வரவர ஆளே வரவில்லை. பேசாமல் மாத வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அப்பா ஆரம்பித்ததும் எனக்குப் பகீரென்றது. நிரந்தரமாக ஒருவர் குடிவந்துவிட்டால் நீ லீவில் வரும்போது எங்கே படுப்பாய், கூடத்து சோபாவிலா.

அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். பரீட்சை எழுத வந்து தங்கிய பல் டாக்டர் பெண், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண், ஊர் போய்ச் சேர்ந்து கூப்பிட்டாள். "இதையே அங்கயும் ரெண்டு வரி எழுதிடும்மா, புகழ வேண்டாம், உள்ளதை எழுது" என்றேன். அவளும் உள்ளதை எழுதிவிட்டாள். அறை சுத்தம், வீட்டு அம்மா அக்கறையானவர், ஆனால் அலமாரி பூட்டியே இருந்ததால் துணியெல்லாம் நாற்காலியில் கிடந்தது என்று நான்கு நட்சத்திரம். அதைப் படித்துவிட்டுத்தான் வரும் வாரத்துக்கு ஒரு குடும்பம் அறை கேட்டிருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது ஐந்தாவது நட்சத்திரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. பூட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைத்து, உன் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரையை மாற்றியாகிவிட்டது, கட்டிலை நகர்த்தியாகிவிட்டது, உன் படங்களையும் கீழே கொண்டுவந்துவிட்டோம். அந்த அறையில் இன்னும் உன்னுடையது என்று இருப்பது அந்த அலமாரி ஒன்றுதான். துணி மாட்ட ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போட்டுவிட்டேன், அதற்கு மேலும் நட்சத்திரம் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். அப்பா சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு அவரே அந்த ஸ்டாண்டை மாடிக்குச் சுமந்துகொண்டு போனார்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ஒன்று மறந்துவிடாதே, அலமாரிச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பிவிடாதே, நீயே கொண்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா