உன் சின்னம்மாவின் புளித்த நீராகாரம்

சுரக்குடி
12.8.1984

அன்பு மகள் அமுதத்துக்கு,

ஒன்றரை மா நிலத்துக்கும் ஒரு கிழட்டு எருமைக்கும் சக்கரவர்த்தியான உன் சித்தப்பா வைத்தியலிங்கம் எழுதிக்கொள்வது. ‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதும் இடத்தை இந்த முறை காலியாக விட்டிருக்கிறேன்.

சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்து நீ எழுதியதை வீட்டிலும் டீக்கடையிலும் வாசித்துக் காட்டினேன். பெருங்குடலில் கோடானுகோடிக் கிருமிகள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத சக்கையைத் தின்று ஒரு புளிப்பை விடுகின்றன. அதைத் தின்றுதான் குடலின் சுவர் உயிர் வாழ்கிறது. குடல் புண்ணானவர்களுக்குச் சுவரால் அதைத் தின்ன முடிவதில்லையோ என்று சந்தேகம், ஆராய்ச்சி முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் சும்மா இருப்பேனா? குடியானவன் குத்தகை நெல் அளந்து கொட்டியும் மிராசுதாருக்கு வாய் கட்டிப்போன கதை என்றேன். டீக்கடைச் சுப்பையன் எனக்குப் பொன்னாடை போர்த்தாத குறைதான்.

உன் சின்னம்மா காதில் தங்கியது புளிப்பு ஒன்றுதான். காரைக்கால் டாக்டரின் மாத்திரையில் அவள் குடல் புண்ணிலிருந்து போன ரத்தம் நின்றிருந்தது. நிறுத்தக்கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவளோ, “மாத்திர அந்தக் கிருமியயெல்லாம் கொன்னுடும்ங்க. புளிப்புதானே வேணும்? நீராகாரம் இருக்குல்ல” என்று மாத்திரையை மூட்டை கட்டிவிட்டு, நாள்பட்டுப் புளித்த சோற்றுத் தண்ணீரை மட்டும் குடிக்கிறாள். வாயில் ஊற்றுகிற புளிப்பு வேறு, குடலுக்குள் விளைகிற புளிப்பு வேறு என்று தொண்டை வற்றக் கத்தினேன். “உங்க வாய்ல எறும்பு விழுந்தா யானையால்ல வெளிய வரும்” என்று சிரித்துவிட்டாள்.

ரத்தம் திரும்பிவிட்டது, அமுதம். விடியுமுன் வாய்க்கால் பக்கம் போய்விட்டு வந்து ஒன்றுமில்லை என்கிறாள். வைக்கோற்போருக்குப் பின்னால் அலசிப் போட்ட புடவையை நான் பார்த்தேன். கறை போகவில்லை. நேற்று நாற்றங்காலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திருநள்ளாற்றுத் தேரை இழுத்தாலும் இழுக்கலாம், இவளைத் தூக்க முடியாது என்று கேலி பண்ணுவேனே! தூக்கினேன். கனமே இல்லை.

என் பேச்சில் முக்கால்வாசியைக் கழித்துத்தான் அவள் கேட்பாள். உன்னை மட்டும்தான் நம்புவாள். மாத்திரையைப் போடு, உடனே டாக்டரிடம் போ என்று அவள் பேருக்கே தந்தி கொடு. தந்தி என்றால் பயப்படுவாள், பயப்படட்டும். நான் ஒருவனே பயந்துகொண்டிருப்பது போதும். லீவு கிடைத்தால் நீயே வந்துவிடு.

நீ நூறாண்டு வாழ வேண்டும். வண்டி வண்டியாய் நான் சொன்ன பொய்களையெல்லாம் மன்னித்துவிடு. இதில் ஒரு சொட்டும் கூட்டி எழுதவில்லை.

உன் சித்தப்பா
வைத்தியலிங்கம்