பதவியில் இல்லாத ஐந்து வருஷம்

சலிமா
ஆகஸ்ட் 3, 2009

தியாமிகேயின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் இருமல் எப்படி? போனில் நீங்கள் பேசுவதில் பாதி சட்டம், பாதி கரகரப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூலையோடு பதவிக்காலம் முடிகிறது, வந்துவிடுகிறேன் என்றீர்கள். சனிக்கிழமை சம்போ மீன் பொரித்து, சோளக்களி கிண்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தது ரேடியோ செய்திதான். நீங்கள் நீடிக்கிறீர்களாம்! இரு வீட்டாரும் முறைப்படி கோழி மாற்றிக்கொண்டபோது நம் கல்யாணத்துக்குப் பொறுப்பு நின்ற என் தாய்மாமன் லைசன் வாசலில் வந்து நிற்கிறார். "நம்ம வழக்கப்படி பொண்டாட்டி ஊர்ல குடியிருக்க வேண்டியவன் அஞ்சு வருஷமா தலைநகர்ல கிடக்கான். வேலை முடிஞ்சுதா, முடியலையா?" என்கிறார். என்ன சொல்லட்டும்?

உங்கள் வழி பார்த்திருக்கும்,
ஃபைனெஸ்

லிலாங்வே
ஆகஸ்ட் 12

அன்புள்ள ஃபைனெஸ்,

மாமாவிடம் உள்ளதைச் சொல். எனக்கே தெரியவில்லை.

இடைத்தேர்தலில் தோற்ற சிம்போண்டாவின் புகாரை, தேர்தல் முறையீடுகளை விசாரிக்கும் அலுவலர் என்ற முறையில் ஜூனில் தள்ளுபடி செய்தேன் அல்லவா? என் பதவிக்காலம் மே மாதமே முடிந்துவிட்டது, ஆகவே அது செல்லாது என்று அவர் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். காலத்தை நியமனக் கடிதத்திலிருந்து எண்ணுவதா, பதவியேற்ற நாளிலிருந்து எண்ணுவதா என்பதுதான் சண்டை. தீர்ப்பு வரும்வரை நாற்காலியை விட்டுப் போகக்கூடாது, ஆனால் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று உத்தரவு. தினமும் போய் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வருகிறேன். காவலாளி சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று புரியாமல் கையைப் பாதியில் நிறுத்துகிறான்.

உன்,
லாமெக்

லிலாங்வே
அக்டோபர் 20

அன்புள்ள ஃபைனெஸ்,

தீர்ப்பு வந்துவிட்டது. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் வேறு வேறாகப் புரிகிறது.

சிம்போண்டா தோற்றார். நானும் தோற்றேன். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நியமித்ததால், முதல் நாளிலிருந்தே நான் பதவியில் இல்லையாம். ஆனால் மக்கள் நம்பி நடந்துகொண்டதால், நான் செய்தது எல்லாம் செல்லுமாம். இல்லாத ஆள் செய்த வேலை செல்லும்! ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் கை கொடுத்தார். எதில் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஐந்து வருஷத்தை இல்லவே இல்லை என்றால் எப்படித் தாங்குவது? மறு ஆய்வு மனு போடப்போகிறேன். இந்த அவமானத்தோடு ஊர் திரும்ப மனமில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

உன்,
லாமெக்

சலிமா
அக்டோபர் 29

தியாமிகேயின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப அஞ்சு வருஷமா அவனுக்கு அங்க வேலையே இல்லையா? அப்புறம் ஏன்டி வீட்டுக்கு வரல?" என்றார். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

என் அம்மாவை அடக்கம் செய்த அன்று உங்களுக்கு விசாரணை. எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த வாரமும் விசாரணைதான். ஆபீஸ் விடவில்லை என்றீர்கள். இப்போது ஆபீஸே இல்லை என்கிறார்கள். உங்கள் மேல் கோபப்படுவதா, பாவப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பிய மக்களுக்கு நஷ்டம் வரக்கூடாது என்று நீதிபதிகள் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நானும்தானே நம்பினேன்?

முதல் மழைக்குள் நீங்கள் வராவிட்டால், உங்கள் தரப்புப் பெரியவரை வரச்சொல்லிக் கல்யாணத்தை முறித்துவிடுவதாக மாமா சொல்கிறார். நான் தடுக்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். தோற்றால் வருவீர்கள், வேறு போக்கிடம் இல்லை. ஜெயித்து, திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தாலும் வீட்டுக்கு வருவீர்களா?

ஃபைனெஸ்

லிலாங்வே
நவம்பர் 23

அன்புள்ள ஃபைனெஸ்,

நல்ல செய்தி! மனுவை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச்சில் விசாரணை. மூன்று நாளாக இங்கே விடாத மழை; கோப்புகளை நனையாமல் வக்கீல் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கேயும் மழையா? இருமல் குறைந்திருக்கிறது. மாமாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன் கேள்வி நியாயமான கேள்வி. என்ன எழுதுவதென்று குழம்பிப்போய் வக்கீலிடமும் உன் கடிதத்தைக் காட்டினேன். வழக்கு நடக்கும்போது எதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்கிறார். தீர்ப்பு வந்ததும் பதில் எழுதுகிறேன்.

என்றும் உன்,
லாமெக்