தச்சனின் கால்கள்

மார்ச் 3

அன்புள்ள மாத்திரைக்கு,

ஸ்பானர் எழுதுவது. இருபத்தொன்றாம் இதழ் வந்து சேர்ந்தது. அட்டையின் மூலை மடங்கியிருக்கிறது. காலமெல்லாம் மருந்துக்கடை நடத்திய கைக்கு ஒரு காமிக்ஸைக் கட்டத் தெரியவில்லையே. உங்களிடம் மருந்து வாங்கியவர்கள் பிழைத்தது அவரவர் ஆயுசு கெட்டி.

'உப்புக் கப்பல்' முப்பது இதழும் பழைய புத்தகக் கடையில் மொத்தமாக உங்கள் கையில் சிக்கிய அன்று, நல்லவேளை, ஒப்பந்தம் போட்டோம். ஒரு நேரத்தில் ஒரே இதழ். முதலில் நீங்கள், பிறகு நான். கப்பலில் துரோகி யார், அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு பேரும் ஊகம் எழுதிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவது. இல்லாவிட்டால் என்றைக்கோ கரைத்துக் குடித்துவிட்டு வெறும் வாயை மென்றுகொண்டிருப்போம்.

இந்தத் தடவை என் ஊகம், கப்பல் மருத்துவர். கொள்ளையருக்கு விளக்குக் காட்டும் அந்தக் கறுப்புக் கையுறை அவருடையதுதான். சமையல்காரன் என்றேன், தோற்றேன். கிளி என்றேன், அதிலும் தோற்றேன். உங்கள் ஊகம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்: "சம்பந்திக்கு மூளைன்னா மூளை. நாலெழுத்து படிச்சவராச்சே." அவள் கேட்டாள்: "பொண்ணைக் குடுத்த எடத்துல பொம்மப் புத்தகம் பேசுற ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான். அதுல தோத்துட்டு வேற வர்றீங்களா?"

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டியதே காமிக்ஸ் வசன பலூனில்தான். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் கருவிப் பெட்டிக்கு அடியில் ஒரு இதழ் எப்போதும் இருக்கும். ஆகவே தோற்பதில் வெட்கமில்லை.

'உப்புக் கப்பல்' முடிந்ததும் 'ஏழாவது மாடி' தொடரை எடுப்போம். படம் கொஞ்சம் கரடுமுரடு, கதை இரும்பு. முதல் இரண்டு இதழில் சலிப்பாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

மகளிடம் சொல்லுங்கள், போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைக்கக் கூடாது என்று.

அன்புடன்,
ஸ்பானர்


மார்ச் 11

அன்புள்ள ஸ்பானருக்கு,

மூலை மடங்கியது தபால்காரர் செய்த உபகாரம். என் கட்டு நல்ல கட்டு.

மருத்துவரா? பாவம், அவரை விடுங்கள். கிளியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் நீங்கள்! விளக்கு எரிந்தது பாய்மர உச்சியில். நொண்டித் தச்சன் அவ்வளவு உயரம் ஏற மாட்டான் என்று எல்லோரும் அவனை விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை. அடுத்த இதழில் கேப்டனம்மாவின் சந்தேகம் அவன் பக்கம் திரும்பும். இது என் ஊகம்.

'ஏழாவது மாடி' சம்மதம். அதற்குப் பிறகு என் சிபாரிசு, 'மணல் ரயில்'. வசனமே இல்லாத இதழ் ஒன்று அதில் இருக்கிறது. பார்த்துவிட்டுப் பேச வாய் வராது.

மகள் நலம். போன் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

அன்புடன்,
மாத்திரை


மார்ச் 17

மாத்திரைக்கு,

ஒரு சின்ன சந்தேகம். 'நொண்டித் தச்சன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் நொண்டி என்று எங்கே பார்த்தீர்கள்?

வந்த இருபத்தொரு இதழையும் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். தச்சன் வரும் படம் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பட்டறை மேசைக்குப் பின்னால் நிற்கிறான். ஒன்றில் கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறான். படகில் உட்கார்ந்திருக்கிறான். பீப்பாய் மறைக்கிறது. இடுப்புக்குக் கீழே அவனை ஓவியர் வரையவே இல்லை. காரணமாகத்தான் வரையவில்லை என்பது இப்போது புரிகிறது.

பக்க எண் எழுதுங்கள். என் கண்ணுக்குத் தப்பியிருந்தால் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பானர்


மார்ச் 24

அன்புள்ள ஸ்பானருக்கு,

ஒரு சொல்லுக்கா இவ்வளவு பெரிய விசாரணை? ஏதோ கை போன போக்கில் எழுதியது. வேறு தொடரின் தச்சனோடு குழம்பியிருப்பேன். வயசாகிறதல்லவா.

இருபத்திரண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை மூலைக்கெல்லாம் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
மாத்திரை


ஏப்ரல் 2

மாத்திரைக்கு,

இருபத்திரண்டு படித்தேன். கடைசிக்கு முந்தின பக்கம். தச்சன் முதல் தடவையாக எழுந்து நடக்கிறான். ஒரு காலை இழுத்து இழுத்து.

வேறு தொடர் தச்சன் என்றீர்கள். சரி, மனசு கேட்காமல் மகளுக்குப் போன் போட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவளும் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மாமாவா? கட்டு வந்த வாரமே முப்பதையும் படிச்சு முடிச்சிட்டாரேப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"ஐயோ, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. உங்க லெட்டர் வந்தாலே வீடு கலகலன்னு ஆயிடும்ப்பா. சாப்பிடுறப்ப மாமா சத்தமா வாசிப்பாரு. கிளின்னு எழுதுனீங்கல்ல, அன்னிக்கு அத்தைக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போச்சு. பாசமாத்தான்ப்பா சிரிச்சோம்."

நீங்கள் முன்னாலேயே படித்ததுகூடப் பெரிதில்லை. ஆசை யாரை விட்டது? "பொறுக்க முடியல, படிச்சிட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். படித்ததை வைத்துக்கொண்டு ஊகம் என்று எழுதினீர்களே. ஒவ்வொரு இதழுக்கும் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். தோற்கும்போதெல்லாம், இரண்டாம் வகுப்பு தாண்டாதவன் புத்தி இவ்வளவுதான் என்று என்னையே நொந்துகொண்டேன். விடை தெரிந்தவரோடு போட்டி போடுகிறேன் என்று தெரியாமல் உங்கள் மூளையை ஊரெல்லாம் மெச்சினேன்.

என் மகள் பந்தியில் உட்கார்ந்து அவள் அப்பனின் அறியாமையைக் கேட்டுச் சிரிக்கும்படி வைத்தீர்கள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு அது பாசமென்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

மீதி எட்டு இதழ் அனுப்ப வேண்டாம். துரோகி தச்சனா, இல்லையா என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. சாகும்வரை தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஸ்பானர்


ஏப்ரல் 10

அன்புள்ள ஸ்பானருக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. மறுக்க மாட்டேன்.

கட்டைப் பிரித்தவனால் கீழே வைக்க முடியவில்லை. படித்து முடித்ததும் உங்களிடம் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். சொன்னால் "மொத்தமாக அனுப்பிவிடுங்கள்" என்பீர்கள். ஒரே வாரத்தில் படித்துவிடுவீர்கள், பிறகு எழுத என்ன இருக்கும்? கடையை மகனிடம் கொடுத்த பிறகு என் பெயருக்கு வருவது கரண்ட் பில்லும் உங்கள் கடிதமும்தான். அதை இழக்க மனம் வரவில்லை.

வாசித்துச் சிரித்தது தப்பு. உங்களைப் போல எழுதும் ஆள் எனக்குச் சொந்தம் என்று காட்டிக்கொள்ளும் பெருமையில் வாசித்தேன். அப்போது அப்படித்தான் தோன்றியது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

'ஏழாவது மாடி' முழுவதும் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் ஒட்டிய டேப்பைக்கூட நான் பிரிக்கவில்லை. இனி கட்டு உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் படித்துவிட்டு ஒவ்வொன்றாக எனக்கு அனுப்புங்கள். நான் தோற்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன்.

பதில் எழுதுங்கள். ஏசியாவது எழுதுங்கள்.

உங்கள்,
மாத்திரை


மே 30

அன்புள்ள ஸ்பானருக்கு,

பார்சல் வந்ததா என்று மட்டும் ஒரு வரி.

மாத்திரை


ஜூலை 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் வீட்டிலும் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

மகளுக்கு இது ஏழாம் மாதம் என்றும், பிரசவம் வரை அவள் எங்களோடு இருக்கட்டும் என்றும் மாப்பிள்ளை சொன்னார். மிக்க மகிழ்ச்சி. அவள் மாடி ஏற வேண்டியிராதபடி கீழறையை வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்திருக்கிறோம். மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அவளோடு தாங்களும் சம்பந்தியம்மாவும் வருவதானால் முன்கூட்டித் தெரிவிக்கவும். தங்களுக்கு ஒரு குறையும் வராமல் கவனித்துக்கொள்வோம். வந்த இடத்தில் பிள்ளைகள் முன்னால் பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தாங்கள் அனுப்பிய பார்சல் பிரிக்கப்படாமல் இன்று தபாலில் திரும்பி வருகிறது. என்னிடம் இருந்த இருபத்திரண்டு இதழும் அதனோடு இருக்கின்றன. சரிபார்த்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தகப்பன்