அர்ஜென்டினாவை அண்ணாந்து குடித்தது

யூலை 3, வியாழன்

விடியவே சோளகக் காற்று. முற்றமெல்லாம் வேப்பஞ்சருகு. கூட்டினேன், திரும்பவும் கொட்டிற்று. விட்டுவிட்டேன்.

செய்ய: தண்ணீர்க் குழாய்க்கு வோசர். சைக்கிள் பின் டயர். மனைவி கௌரியின் மூக்குக்கண்ணாடி, திருத்தக் கொடுத்தது.

ரூபன் போன் எடுத்தான். ஒரு காலத்தில் அரியாலையில் என்னோடு பந்தடித்தவன், இப்போது டவுனில் ஹோட்டல் மனேஜர். சனி பின்னேரம் அங்கே வைன் ருசி பார்க்கிற நிகழ்ச்சியாம். எந்த நாட்டு வைன் என்று கேட்டேன். "உன்ரை நாடுதான்ரா." அர்ஜென்டினா! வாசல் படலைக்கே நீலமும் வெள்ளையும் அடித்து வைத்திருக்கிறவன் நான். அவர்களின் உதைபந்தாட்ட அணி தோற்ற நாட்களில் சோறு தின்னாதவன்.

ஆனால் சத்தியம் இருக்கிறது. பிள்ளையார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் செய்தது. ஒரு சொட்டுக் குடியும் தொண்டையால் இறங்காது என்று. மூன்று வருசம், இறங்கவில்லை. அங்கே எல்லாரும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார்களாம், அதற்கென்று வாளி வைப்பார்களாம், ரூபன் சொல்கிறான். நம்பவில்லை. நல்ல குடியைத் துப்புகிற மடையன் எங்கே இருக்கிறான்?

பின்னேரம் பந்தடிக் கிறவுண்டிலிருந்து வந்தேன். குசினி வாசலில் வழக்கம்போலக் கௌரி. "ஊதுங்கோ." ஊதினேன். மணந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். சத்தியம் செய்த நாளிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் இதுதான். குடித்த காலத்தில்கூட நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

யூலை 4, வெள்ளி

மரக்கறி நாள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. காற்று விடவில்லை.

சாப்பிடும்போது விசயத்தைச் சொன்னேன். ஒளித்துப் போனால், நான் வீடு வந்து சேர முதலே கதை வந்து சேர்ந்துவிடும். கௌரி கணக்கு ரீச்சர். கணக்குப் போலவே யோசித்தாள். துப்பினாலும் கொஞ்சம் இறங்காதா, இறங்கினால் சத்தியம் என்னாவது, இப்படிப் பல கேள்வி. கடைசியில் "நானும் வாறன்" என்றாள். காவலுக்கு.

எனக்குக் கோபம்தான். போகிற ஆசை அதைவிடப் பெரிது.

யூலை 5, சனி

நல்ல வெயில். கௌ. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாச் சேலையில்.

மண்டபம் ஏசிக் குளிர். வெள்ளைத் துணி விரித்த மேசை, ஆளுக்கு நாலு கிளாஸ், நடுவில் உண்மையாகவே வாளி. டொக்டர்மார், லீவில் வந்த வெளிநாட்டுச் சனம். விளக்கம் சொன்னது ஒரு கொழும்புப் பிள்ளை. மலையடிவாரமாம், மழை குறைவாம், பனி உருகிய தண்ணீரை வாய்க்காலில் விட்டு முந்திரிகைக் கொடிக்குப் பாய்ச்சுவார்களாம். சின்ன வயதிலிருந்து எனக்கு அந்த நாடு என்றால் ஒரு பந்தடித் தரை மட்டும்தான். அங்கேயும் ஒருவன் விடியவே மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டி விடுவான் என்று நினைத்தே பார்த்ததில்லை.

முதலாவது வெள்ளை. மல்லிகை மணம், ஆனால் இனிப்பே இல்லை. வாயில் வைத்தேன், துப்பினேன். கௌரி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, துப்பினால் ஒன்றும் இறங்காதா என்று தானே பார்க்கவேண்டும் என்றாள். கிளாஸில் ஆர் வாய் வைத்ததோ என்று ஐமிச்சம். செம்பில் தண்ணீர் குடிக்கிற மாதிரி, உதடு படாமல், அண்ணாந்து ஊற்றினாள். அண்ணாந்து ஊற்றினால் நேரே தொண்டைதானே! பிறகு வாளியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஊரெல்லாம் துப்பிய எச்சிலுக்குள் தானும் துப்புவதா என்று கேட்டாள்.

சோதனை சரிவரவில்லையாம். இரண்டாவதும் அண்ணாந்துதான். மூன்றாவதும்.

கடைசியாக மல்பெக். மெண்டோசா என்ற இடம். கறுத்த சிவப்பு, நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். ருசியும் கிட்டத்தட்ட அதுதான், பின்னால் கொஞ்சம் மிளகு. இவ்வளவு காலமும் தூர நின்று கத்திய நாடு என் வாய்க்குள் இருந்தது. துப்ப மனமில்லை. தொண்டை தானாகத் திறக்கப் பார்த்தது. விழுங்கினால் ஒருவருக்கும் தெரியாது, காவற்காரிகூட அப்போது கூரையைப் பார்த்து அண்ணாந்துகொண்டிருந்தாள்.

துப்பினேன். கண் கலங்கிவிட்டது.

ஓட்டோவில் கௌரி ஒரே சிரிப்பு. ஓட்டோக்காரருக்குப் பின்னக்கணக்கு விளங்கப்படுத்தினாள். அந்த மனிசனும் ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர் என்றபடி ஓடினார். வீட்டில் இறங்கியதும் சிரிப்பு நின்றது. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூண்டாவது முடிஞ்ச உடனை, நாலாவதை எப்ப ஊத்துவினம் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். அந்தப் பிள்ளை கதைச்சது ஒண்டும் காதிலை விழேல்லை. உங்களுக்கும் இப்பிடித்தானோ?"

"ஓம்."

"இப்பவுமோ?"

"ஒவ்வொரு நாளும். கிறவுண்டாலை வரேக்கை."

உள்ளே போனாள். சாப்பிடவில்லை.

யூலை 6, ஞாயிறு

கௌ.வுக்குத் தலையிடி. தங்கச்சி போன் எடுத்தால் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். மல்லிக்கோப்பி போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "ஊதும் பாப்பம்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தரமாகப் போய்விட்டது.

வோசர் வாங்கவில்லை. கடை பூட்டு.

யூலை 7, திங்கள்

காற்று கொஞ்சம் அடக்கம். வோசர் போட்டாயிற்று, ஒழுக்கு நின்றது. கண்ணாடி நாளைக்காம்.

ரூபன் போன். ரீச்சருக்கு இப்ப சுகமோ என்று கேட்டான், நக்கல்தான். வைத்துவிட்டேன்.

பின்னேரம் கிறவுண்ட். மயிலிட்டிப் பெடியளோடு போட்டி, சமநிலை. வரும் வழியில் கள்ளுத் தவறணை. வழக்கமான இழுவை. இன்றைக்கு மல்பெக்கின் ருசியும் சேர்ந்து வந்தது. சைக்கிளை உழக்கினேன்.

குசினி வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளே தேங்காய் திருவுகிற சத்தம். கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கதோசம், நின்றபடியே வாயைத் திறந்து ஊதினேன்.

கௌரி திரும்பிப் பார்த்தாள்.

"காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. புட்டு ஆறுது."