நல்லா இருக்கேன் சார்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்கிறாய். நான் பேச, நீ "ம்" சொல்ல, நடுவில் உன் வீட்டு மின்விசிறி ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். உன் மாமா சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தார். இப்போது குளியலறையிலும் தண்ணீர் வரவில்லை. என் பார்லரில் கூட்டம் பரவாயில்லை. நேற்று தலைக்குச் சாயம் போட வந்த அம்மாவின் கொழுந்தனுக்கும் உனக்கு இருக்கிற அதே குடல் நோயாம். வெறும் வயிற்றில் மாதுளைச் சாறு குடித்து, மூச்சுப் பயிற்சி செய்து, எழுந்து நடமாடுகிறாராம். "இப்ப கல்லைத் தின்னாலும் செரிக்குது அவருக்கு" என்றார். நான் முழுதாக நம்பவில்லை. இருந்தாலும் குடித்துப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

இந்த நோய் முழுசாகப் போகாது, அடக்கித்தான் வைக்க முடியும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனை டிப்போவில் டைம் கீப்பர் மேஜையில் உட்கார வைத்தது உனக்குப் பிடிக்கவில்லை என்றும் தெரியும். அதற்காக எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் ஆயிற்றா? ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரில் எத்தனை பேர். மனத்தைத் தளரவிடாதே. காலையில் கொஞ்சம் நட.

பதில் எழுது.

உன் அக்கா

---

ஜனவரி 25

அக்காவுக்கு,

ம்.

வெட்கமாக இல்லை. எழுதிப் பார்த்துவிட்டேன்.

மாதுளைச் சாறு குடித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் மாமா படிக்கக்கூடும், விட்டுவிடுகிறேன். அந்தக் கொழுந்தனுக்கு என் வாழ்த்தைச் சொல்.

பக்கத்து வீட்டுக்காரர் கோதுமையை அடியோடு விடச் சொல்கிறார். எதிர்வீட்டுக்காரர் கோதுமையைத் தவிர வேறெதுவும் தொடாதே என்கிறார். இரண்டு பேரும் ஒருநாள் வாசலில் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்தால் எனக்கு உதவியாக இருக்கும். டிப்போ கேண்டீன்காரர், "சிரிங்க சார், சிரிச்சா பாதி நோய் ஓடிடும்" என்றார். மீதிப் பாதியை என்ன செய்வது என்று கேட்டேன். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செய்தி ஒன்று இருக்கிறது. போன வாரம் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். புண் ஆறிவிட்டது. டாக்டர் தன் மாணவர்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். என் குடல் இப்போது லட்சணமாக இருக்கிறதாம். ஆகவே எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம். இனி என்னை யாரும் எதுவும் விசாரிக்க வேண்டாம்.

தம்பி

---

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பார்லரில் இருந்த எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். அந்தக் காபி ஆறுவதற்குள் உன் பெண்டாட்டி போன் செய்தாள். ஒரு வாடிக்கையாளரின் தலையில் சாயம் காய்ந்துகொண்டிருக்க, நான் பின்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"புண் ஆறிடுச்சு அண்ணி. ஆனா இவர் எந்திரிக்க மாட்டேங்கறார். டெஸ்ட் முடிஞ்சதுலேர்ந்து டிப்போவுக்கு லீவு சொல்லிட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார். குளிக்கச் சொன்னா எதுக்குன்னு கேக்கறார். எதுக்குன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

பின்னால் உன் மகளின் குரலும் கேட்டது. "அப்பாவுக்கு லீவு எப்ப முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏனடா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினவன் நீ. எல்லாம் அடங்கி, டாக்டரே மெச்சுகிற நேரத்தில் படுத்துக்கொண்டால் நான் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? வலியோடு படுத்திருப்பவனைப் பார்த்தால் பாவம் என்று சொல்வார்கள். வலி இல்லாமல் படுத்திருப்பவனை நம் வீட்டில் என்னவென்று சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும்.

இருபதாம் தேதி வருகிறேன். வராதே என்று எழுத உனக்கு அவகாசம் கிடைக்கக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்து தாமதமாகத்தான் தபாலில் போடப் போகிறேன்.

உன் அக்கா

---

மார்ச் 3

அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று என் பெண்டாட்டி சொன்னாள். நான் ரயிலடிக்கு வராததற்கு உடம்பு காரணமில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வந்ததும் திரைச்சீலையை இழுத்துத் திறந்தாய். பொறுத்துக்கொண்டேன். நான் படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை உருவித் துவைக்கப் போட்டாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். பூங்காவுக்கு நட என்று இழுத்துக்கொண்டு போனாய். தெருமுனைக் குட்டைச் சுவரில் நான் உட்கார்ந்ததும், நாலு பேர் திரும்பிப் பார்க்க, "என்னடா பண்ணுது உனக்கு? எங்க வலிக்குதுன்னாவது சொல்லித் தொலை" என்று கத்தினாய். "எங்கயும் வலிக்கலக்கா" என்றேன். அதுதான் உண்மை. அதற்கும் திட்டினாய்.

ஆனால் ஆஸ்பத்திரியில் நீ செய்தது வேறு.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன் சார்" என்றேன். அவர் சிரித்தார், நான் எழுந்தேன். கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். நீ மட்டும் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் பசை போட்டு ஒட்டினதுபோல் உட்கார்ந்திருந்தாய்.

"இவன் நல்லா இல்ல டாக்டர். பல் தேய்ச்சு எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க. நீங்க குடுத்த மாத்திரையை எல்லாம் டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்தறான், அதையும் கேளுங்க."

அறையில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். நான் பாதி திறந்த கதவுக்கு வெளியே அடுத்த நோயாளி நின்றுகொண்டிருந்தார். அக்கா, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் வண்டி ஓட்டினவன் நான். பல் தேய்க்காத பிள்ளையை வாத்தியாரிடம் பிடித்துக் கொடுப்பதுபோல் என்னை அங்கே நிறுத்தினாய்.

உன்னையும் நர்ஸையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி டாக்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை உனக்குச் சொல்லப் போவதில்லை.

இனி எழுதாதே.

தம்பி

---

மார்ச் 11

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டால் போ.

மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்து உறையைப் பிரித்திருந்தால் இப்போதே மூடிவிடு. மறுபடியும் அந்த அறையில் உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்வேன்.

உனக்கு வந்திருப்பது சோம்பல் என்று நினைத்துத்தான் ரயில் ஏறினேன். நாலு நாள் அதட்டினால் எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன். அந்தக் குட்டைச் சுவரில் நீ உட்கார்ந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். சோம்பேறி முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உன் மாமாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேன். உன் முகம் அப்படி இல்லை. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பந்து உன் காலில் வந்து இடித்து நின்றது. நீ அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை வந்து உன் காலடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். அப்போது எனக்குப் பயம் பிடித்தது. பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும். புதிதாகவா பார்க்கிறாய்?

நீ கதவில் கை வைத்தபோது அடுத்து எப்போது வர வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து. "நல்லா இருக்கேன் சார்" என்ற ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம் உன்னை உன் அறைச் சுவரிடம் விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. உனக்கு மானம் போயிற்று. போகட்டும். நீ இருக்கிறாய்.

அவர் மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்ததாக உன் பெண்டாட்டி சொன்னாள். என்மேல் இருக்கிற கோபத்தை வைத்துக்கொள். அதோடேயே போய்ப் பார்த்துவிட்டு வா. அங்கே நடந்ததை எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன்.

உன் அக்கா

---

ஏப்ரல் 16

தம்பிக்கு,

மாமா கடைசியில் குழாய்க்காரரைக் கூப்பிட்டார். தண்ணீர் வருகிறது. குழாய்க்காரர் போகும்போது, "இதை யார் சார் கழட்டினது?" என்று கேட்டார். மாமா என்னைக் காட்டினார்.

வேறு செய்தி இல்லை.

உன் அக்கா

---

ஜூன் 6

அன்பு அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உடனே பெட்டியைத் தூக்காதே, கடைசிவரை படி. மருந்து ஏற்றும் அறையில் சாய்வு நாற்காலியில் இருக்கிறேன். இடது கையில் ஊசி. வலது கை சும்மா இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சுப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், அவரிடமிருந்து தப்பிக்கவும் எழுதுகிறேன்.

அன்று கதவைச் சாத்திய பிறகு டாக்டர், "காலையில கண் முழிச்சதும் முதல்ல என்ன தோணுது?" என்று கேட்டார். "ஏன் முழிச்சோம்னு தோணுது சார்" என்றேன். "செத்துடணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டார். "நானா எதுவும் செய்யணும்னு இல்ல. தூக்கத்துலயே போயிட்டா பரவாயில்லன்னு இருக்கு" என்றேன். என் வாயால் சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அவர் உடனே அந்தச் சீட்டை எழுதினார்.

உன்னைத் திட்டிக்கொண்டேதான் போனேன். மனநல டாக்டர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். நோய் அடங்கிய பிறகு ஏன் படுத்தேன் என்று நீ கேட்டதையே அவரும் கேட்டார், ஆனால் கத்தாமல் கேட்டார். அவருக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். என்னை மேஜை வேலைக்கு மாற்றினார்கள் என்றுதான் உனக்குத் தெரியும், காரணம் தெரியாது. போன வருஷம் ஒருநாள், வண்டி நிறையக் கூட்டம், நடுத்தெருவில் வயிறு பிடித்துக்கொண்டது. எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எங்கே சாவி கேட்க வேண்டும் என்று அந்த ரூட் முழுக்க எனக்கு மனப்பாடம். அன்று எதுவும் பக்கத்தில் இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு செல்போன் கடைக்குள் ஓடினேன். அதற்குள் தாமதமாகிவிட்டது. கடைக்காரர் தன் கைலி ஒன்றைக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து வண்டியை எடுத்தேன். முன் சீட்டில் இருந்த பெண் மட்டும் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நோய் எரிந்துகொண்டிருந்தவரை அதை அணைப்பதிலேயே பொழுது போயிற்று. அணைந்த பிறகு உட்கார்ந்து பார்த்தால், எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பெண் எழுந்து போனது மட்டும்தான். அதோடு இந்த நோய் திரும்ப வரும், ஆயுசுக்கும் வரும். எதற்காகப் பல் தேய்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை அக்கா. உண்மையாகவே புரியவில்லை.

நீண்டகால நோய்க்காரர்கள் பலருக்கு இப்படி ஆகும், குடலுக்கு வைத்தியம் பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார். வாராவாரம் வந்து பேசவும் சொன்னார். ஆரம்பத்தில் ஒரு பலனும் இல்லை. "கொட்டாவிதான் வருதுங்க" என்று எரிந்து விழுந்தேன். "சரி, மாத்திரையைக் கொட்டாம உள்ளதான் போட்டிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க" என்றார். அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் மகள் புத்தகப் பையை நடுவழியில் போட்டிருந்தாள். தடுக்கிவிட்டது. "இது என்ன வீடா, டிப்போவா?" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து என் பெண்டாட்டி கரண்டியோடு ஓடி வந்தாள். "நீங்களா கத்தினீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது, நான் கவனிக்கவில்லை. திட்டு வாங்கியவள் அழ, இவள் சிரிக்க, கடைசியில் இவளும் அழ, எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எரிச்சல் வந்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் மலத்தில் மறுபடி ரத்தம் வந்தது. மாத்திரையைக் கொட்டியதன் பலன் என்கிறார் குடல் டாக்டர். ரத்தத்தைப் பார்த்ததும் இனி எழுந்திருக்கவே மாட்டேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழிப்பறைக் கதவுக்குள்ளேயே நின்றேன். பிறகு இவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். அதனால்தான் இந்த ஊசி. இரண்டு நோயோடு குடித்தனம் நடத்த வேண்டும் போலிருக்கிறது. குணமாகிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. சில காலைகள் இன்னும் மோசம்தான்.

உன்மேல் கோபம் போகவில்லை. அந்த நர்ஸ் இங்கேதான் இருக்கிறாள். ஊசி போட வந்தவள் என் கையைப் பார்ப்பதற்கு முன் என் பல்லைப் பார்த்தாள்.

நேற்று டிப்போ மேலாளருக்குப் போன் செய்து, என் மேஜையைக் கழிப்பறைக்கு அடுத்த அறையில் போட முடியுமா என்று கேட்டேன். "எதுக்குப்பா?" என்றார். சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் அவசர அவசரமாக, "போட்டுடலாம், போட்டுடலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

இந்த மாதம் நீ வரப் போவதாக இவள் சொன்னாள். வா. ஆனால் போன தடவை மாதிரி நாள் கிழமை பார்க்காமல் வந்து இறங்காதே. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. மற்ற நாளில் வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

உன் தம்பி