பெயர் போடாத பட்டைகள்

பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ரோடு எப்படி இருக்கிறதோ தெரியாது. இங்கே ரோடு என்று ஒன்று இல்லை. போன ஐப்பசி மழையில் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் தார் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது பள்ளமும், பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கொஞ்சம் ஜல்லியும்தான். அந்த வழியில் உங்கள் அம்பாசடரை நான் ஓட்டுகிறேன். ஆமாம், நானேதான். ஆழ்வார்குறிச்சியில் எனக்குக் 'கார் டீச்சர்' என்று பட்டமே கிடைத்தாயிற்று. சிரிக்காதீர்கள். கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது நீங்கள்தானே.

அலுத்துப் போயிருக்கிறேன் அத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை இது.

அத்தை விழுந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன மறு வருஷம், மழை ஈரத்தில் வாசல்படியில் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். முதுகெலும்பில் ஒன்று உள்ளுக்குள் நொறுங்கிவிட்டதாம். சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் உட்கார முடியாது. பின் சீட்டில் பத்தமடைப் பாயை மடித்துப் போட்டு, அதன் மேல் தலையணை, அதன் மேல் உங்கள் அம்மா. ஒரு பள்ளத்துக்கு ஒரு 'முருகா'. வீரவநல்லூர் தாண்டுவதற்குள் அது திருச்செந்தூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏளா செம்பகம், என்னக் கொல்லணும்னே ஓட்டுதியா?" என்பார்கள்.

"பையத்தான் போறேன் அத்தை. ரோடுதான் குதிக்குது."

"ரோடு எங்கயாவது குதிக்குமா? படிச்சவ பேசுத பேச்சப் பாரு!"

முதலில் அந்த முனகல் கேட்டால் எனக்கு அழுகை வரும். அப்புறம் கோபம் வந்தது. இப்போது ஒன்றுமே வருவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

குற்றம் ரோட்டின் மேல் மட்டும் இல்லை என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். வண்டியின் பின்பாரத்தைத் தாங்குகிற, வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கமும் தளர்ந்து படுத்துவிட்டனவாம். புதிது மாட்டாவிட்டால் மெத்தை போட்டாலும் பிரயோஜனம் இல்லையாம். கம்பெனிப் பட்டை எப்போது வரும் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே பதில், 'வரும்'. பொங்கலுக்கு முன்னாலும் வரும் என்றார்கள், சித்திரை பிறந்தும் வரும் என்கிறார்கள்.

அப்படித்தான் ஜங்ஷனில் வண்டிச் சாமான் விற்கிற மைதீன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. அத்தையை இறக்கி ஏற்றுவது பெரும்பாடு என்பதால் வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தேன். அண்ணாச்சி உள்ளேயிருந்து ஒரு ஜோடிப் பட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பு பெயிண்ட் மின்னியது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்பெனி பெயர் இல்லை, ஊர் இல்லை, நம்பர் இல்லை. சுற்றியிருந்தது பழைய செய்தித்தாள்.

"இதச் செஞ்சது யாரு அண்ணாச்சி?"

"அத மட்டும் கேக்காதிய டீச்சர். பெரிய கம்பெனிக்கே பட்டை அடிச்சுக் குடுக்கவ்வொதான். தன் பேர்ல வெளிய விக்கப்பிடாதுன்னு அங்கன எழுதி வாங்கியிருக்காவோ. பேரச் சொன்னா அவ்வொ பொழப்பு போயிரும்."

"கம்பெனிக்காரன் வேண்டாம்னு கழிச்சதா இருந்தா?"

"கழிச்சதுன்னா ஒங்களுக்குத் தருவேனா?" என்றார். கழித்ததை விற்கிறவனும் அதைத்தானே சொல்வான்?

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. உங்கள் அம்மாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனைக்கூட 'நீ யாரு மவன், எந்த ஊரு?' என்று கேட்காமல் இலையில் சோறு வாங்க மாட்டார்கள். எலும்பு டாக்டரையே கேட்டு, அவருடைய தாத்தா கல்லிடைக்குறிச்சிக்காரர் என்று தெரிந்த பிறகுதான் முதுகைக் காட்டினார்கள்.

"ஏ அய்யா, பெத்தவன் பேரு தெரியாத பிள்ளைக்கா பொண்ணு கேட்டு வந்திருக்க?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஆச்சி, மாப்பிள்ளைய நேராப் பாத்துட்டுச் சொல்லுங்க. என் வண்டியிலயும் இதேதான் கெடக்கு. ஏறி உக்காருங்க, ஒரு சுத்து போய்ட்டு வருவோம்."

அவருடைய வண்டியும் அம்பாசடர்தான். பாயும் தலையணையும் மாறின, அத்தையும் மாறினார்கள். அதற்கே அத்தனை 'முருகா'. அண்ணாச்சி ஓட்டினார், நான் முன்னால் உட்கார்ந்தேன். சேரன்மகாதேவி ரோட்டில் முன்னீர்ப்பள்ளம் வரைக்கும் போனோம். மேலப்பாளையம் தாண்டியதும் பின்னால் சத்தமே இல்லை. பள்ளம் வருகிறது, சக்கரம் இறங்குவது எனக்கே தெரிகிறது, முருகனைக் காணோம். பதறிப்போய்த் திரும்பினேன். என்ன நினைத்துத் திரும்பினேன் என்று உங்களிடம் எழுத எனக்கு மனசில்லை.

தூங்கிக்கொண்டிருந்தார்கள் அத்தான். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அப்போதே வாங்கியிருக்கலாம். நீங்கள் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

உங்கள் உத்தியோகம் அப்படி. அரசாங்க ஸ்டோரில் வந்த சாமானைச் சரிபார்த்துச் சரிபார்த்து, வீட்டையும் ஸ்டோராக்கி வைத்திருந்தீர்கள். "முத்திரை இல்லாத சாமான் வாசப்படி தாண்டப்பிடாது." என் தம்பி ஆசையாக வாங்கி வந்த குக்கரை, மூடியில் பெயர் இல்லை என்று அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தீபாவளிக்கு அவன் வரவே இல்லை. 'செஞ்சவனுக்கே சொல்லிக்கிட தைரியம் இல்ல, வாங்குதவனுக்கு எங்கிருந்து வரும்?' என்று கேட்டீர்கள்.

அந்த வாரம் முழுக்க உங்களோடு சண்டைதான். பட்டை கல்லிடைக்குறிச்சி தாண்டி, கன்னடியன் கால்வாய் ஓரம் வளைகிற இடத்தில் முறிந்தால் என்ன செய்வேன்? வண்டி தண்ணீருக்குள் போகும், பின்னால் எழுந்திருக்க முடியாத ஒரு மனுஷி. வாங்காவிட்டாலும் அதே மனுஷிதான், வாராவாரம் என் கையாலேயே நொறுங்குகிறார்கள். எது பாவம்? கரும்பலகையில் கணக்குப் போடும்போதுகூட மனசு இதிலேயே நின்றது.

ஒரு நாள் சாயங்காலம் விளக்கேற்றும்போது உங்கள் படத்தைப் பார்த்துக் கத்தியே விட்டேன். "எல்லாத்துக்கும் முத்திரை கேட்டியளே, ஒங்க நெஞ்சுக்கு யாரு முத்திரை குத்தினது? ஐம்பத்தி மூணு வயசுல, காப்பி ஆத்திக்கிட்டிருக்கும்போது நின்னு போச்சே, அது எந்தக் கம்பெனி?" நியாயம் இல்லாத பேச்சுதான். ஆனாலும் கேட்டுவிட்டேன். உள்ளே அத்தை படுத்திருந்தார்கள். காதில் விழுந்திருக்கும்.

சனிக்கிழமை மறுபடி கடை வாசல். பட்டைகளை எடுத்து வெளியே சாய்த்து வைத்திருந்தார் அண்ணாச்சி. நான் வாயைத் திறக்குமுன் அத்தை ஆரம்பித்தார்கள்.

"ஏ அய்யா, செஞ்சவன் பேரு வேண்டாம். விக்கவன் பேரு உண்டும்லா? ஒன் பேர அதுல வெட்டு. பாத்திரக் கடையில சருவத்துல பேரு வெட்டித் தருவாம்லா, அது மாதிரி."

"என் பேரா ஆச்சி?"

"ஒன் பேருதான். நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா, யாரு கதவத் தட்டணும்னு இவளுக்குத் தெரியணும்லா?"

அண்ணாச்சி பட்டையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். நழுவப் போகிறார் என்று நினைத்தேன்.

"பேரு போடுதேன் ஆச்சி. ஆனா வெட்டப்பிடாது," என்றார். "வெட்டுன எடத்துல விரிசல் விழும். அப்புறம் நல்ல பட்டையும் முறிஞ்சிரும். பெயிண்ட்ல எழுதித் தாரேன்."

அத்தான், என் மனசு இறங்கிய இடம் அதுதான். ஏமாற்றுகிறவனாக இருந்தால் 'வெட்டினாப் போச்சு' என்று உளியை எடுத்திருப்பான். விற்றால் போதும் என்கிறவன் விரிசலைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான்? இது ருசு இல்லை, எனக்குத் தெரியும். பெயர் எழுதினால் இரும்பு கெட்டியாகிவிடாது. ஆனால் இத்தனை மாசத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். சரி அண்ணாச்சி, மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சள் பெயிண்டும் பிரஷும் வந்தன. ஒரு பட்டையில் 'மைதீன்' என்று தன் கையாலேயே எழுதினார். கோழிக் கிறுக்கல்தான், ஆனாலும் தெளிவாக இருந்தது. இரண்டாவதை எடுத்தபோது அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"அதுல என் மவன் பேரு."

உங்கள் பெயரை அத்தையே எழுத்து எழுத்தாகச் சொன்னார்கள். இன்றைக்கு வரைக்கும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, உங்களுக்குத் தெரியும். முத்திரை இல்லாத சாமானை வாசல்படி தாண்ட விடாத மனுஷனின் பெயரே அதற்கு முத்திரையாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெயிண்ட் காய்ந்ததும் அண்ணாச்சி கேட்டார். "ஆச்சி, மவன் பேரு போட்டத நீங்க தல சாய்ச்சுப் படுக்க பக்கம் மாட்டச் சொல்லட்டுமா?"

"எனக்கு எதுக்குய்யா? நான் போற கட்டை," என்றார்கள் உங்கள் அம்மா. "அத ஓட்டுதவ பக்கம் மாட்டு. அவளத் தாங்குததுக்கு யாரு இருக்கா?"

கடைக்குப் பின்னால் போய், தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் அத்தை என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இனி என்னத்தைச் சொல்ல?

பட்டைகளை மாட்டிக்கொண்டு திரும்பி வரும்போது பத்தமடை தாண்டி ஒரு பெரிய பள்ளம். பின்னாலிருந்து 'முருகா' என்று கேட்டது.

"வலிக்குதா அத்தை?"

"இல்லளா. சும்மாத்தான் கூப்பிட்டேன். நீ பாத்து ஓட்டு."

அலுப்பு போகவில்லை அத்தான். அடுத்த சனிக்கிழமையும் இதே ரோடுதான், இதே பள்ளம்தான். அத்தை எழுந்து நடப்பார்கள் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். முதலில் அண்ணாச்சி பெயர், அப்புறம் உங்கள் பெயர். எழுத்தின் மேல் ஒரு கீறல் தெரிந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன். சேறு படிந்திருந்தால் துடைத்துவிட்டுத்தான் எடுப்பேன்.

நீங்கள் உங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் மருமகள், உங்கள் மாமா மகள்,
செண்பகம்