நூற்று முப்பத்தேழு நாள்

இயேசு மரி சூசை துணை

பூதலூர்
11.3.2001

என் அன்பு அத்தானுக்கு அமலி எழுதிக்கொள்வது.

நானும் ஃபெபியும் மாமாவும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படி எழுத வரவில்லை. அதனால் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஈஸ்டருக்கும் லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதியது காதர் மைதீன் தம்பி. அக்டோபரிலிருந்து வந்த ஐந்து கடிதமும் அவர் கையெழுத்துதான். டூட்டி அதிகம், நீங்கள் சொல்லச் சொல்ல ரூமில் கூட இருக்கும் தம்பி எழுதுகிறார் என்கிறீர்கள். கூத்தாநல்லூர்க்காரருக்கு எழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் 'என் அமலிக்கு ஆயிரம் முத்தங்கள்' என்பதை அவர் கையெழுத்தில் படிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாவம், அவருக்கும் இருந்திருக்கும்.

மாமா உளுந்து பிடுங்கி முடித்துவிட்டார். சம்பா அறுத்த ஈரத்தில் தெளித்தது, இந்த வருஷம் பரவாயில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே தினமும் வயலுக்குப் போகிறார், தடுத்தால் கேட்பதில்லை. ஃபெபிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று தினம் கண்ணாடியில் பார்க்கிறாள்.

தவக்காலம் நடக்கிறது. பாவசங்கீர்த்தனம் சாமியாரிடம் செய்வதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. நான் இப்போது மில்லில் குவாலிட்டி மேனேஜர் இல்லை. போன செப்டம்பரிலிருந்தே இல்லை.

ஏற்றுமதி ஆர்டர் வந்ததும் முதலாளி நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் மெஷின் ஒன்றை இறக்கினார். கறுப்பு அரிசி, பழுப்பு அரிசி எல்லாவற்றையும் அதுவே ஊதித் தள்ளிவிடுகிறது. அதே சமயம் அரிசி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் மில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே தொழிலாளர் பாதுகாப்பை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. கோவிந்தராசு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அரிசியில கல்லு பாத்த கண்ணு, இனிமே ஆளுங்களப் பாக்கட்டும்மா" என்றார். திருச்சியில் பத்து நாள் பாதுகாப்பு அதிகாரி பயிற்சிக்கு அனுப்பினார். மஞ்சள் தொப்பி ஒன்றும் கொடுத்தார்.

எனக்கு அழுகையாக வந்தது. ஒன்பது வருஷம் ஏ.சி. ரூமில் ஈரப்பதம் பார்த்து, லாரி லாரியாக நெல்லைத் திருப்பி அனுப்பியவள் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. அப்படிப்பட்டவளைக் களத்துத் தூசியில் கொண்டுபோய் நிறுத்தியது பதவி இறக்கம் போலத்தான் பட்டது. உங்களிடம் சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று மறைத்தேன். அந்த மாதம் உங்களுக்கு எழுதியதில் மில் செய்தி ஒரு வரிகூட இருக்காது, எடுத்துப் பாருங்கள்.

வேலை மாறியது, நான் மாறவில்லை. அரிசிக்குச் செய்ததையே ஆட்களுக்கும் செய்தேன். வெளியே அனுப்பும் ஒரு லாட் அரிசியில் ஒரு குறைகூட வராமல் இருந்தால் பரிசு கொடுப்போமே, அதே யோசனை. அக்டோபர் முதல் தேதி வாசலில் கரும்பலகை வைத்தேன். 'விபத்தில்லாத நாட்கள்' என்று மேலே எழுதி, தினமும் காலையில் ஒரு எண் கூட்டுவேன். நூற்றைம்பது நாள் ஒரு காயமும் இல்லாமல் போனால் அறுபது பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். எண் ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிவந்து பலகையைக் காட்டினார்.

பிப்ரவரி பதினான்காம் தேதி, நூற்று முப்பத்தேழாவது நாள். மத்தியானம் பாய்லர் பக்கம் போனேன். நெல் போகும் பெல்ட்டைக் கூட்டித் துப்புரவு செய்யும் நாகம்மாள் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இடது கையால். என்னைப் பார்த்ததும் தூக்குச்சட்டியை மூடிவிட்டு எழுந்தார். வலது கை முந்தானைக்குள் இருந்தது. நான்தான் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். மஞ்சள் துணிச் சுற்றைப் பிரித்ததும் வாடை வந்தது.

பெல்ட்டில் அடைத்த வைக்கோலை எடுக்கப்போய் உருளையில் விரல் நசுங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மில்லில் அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. ஏன் அக்கா சொல்லவில்லை என்றேன். "எப்புடிம்மா சொல்றது? என் ஒருத்தியால அறுவது வீட்டுக் கொடம் போச்சுன்னு ஆயிராதா? நீங்களும் ஆசை ஆசையா நம்பர் போட்டுக்கிட்டு வர்றீங்க" என்றார். எனக்காகவும் சேர்த்து மறைத்திருக்கிறார் அத்தான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். அன்றைக்கே வந்திருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆள்காட்டி விரல் முழுசாகவும் நடுவிரல் பாதியும் போய்விட்டன. பெல்ட் பாதி, என் பலகை பாதி என்றுதான் நான் நினைக்கிறேன். அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றிவிட்டேன். குடம் எல்லோருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன். உருளைக்கு மேல் இரும்பு வலை அடித்தாகிவிட்டது. அடிபட்டால் முதலில் என்னிடம் வந்து சொல்லுங்கள், ஒரு திட்டும் விழாது என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னேன். இப்போது மூட்டை தூக்கும் துரைராசு அண்ணன் தலைவலி வந்தால்கூட, "எழுதிக்குங்கம்மா" என்று வந்து நிற்கிறார். நானும் எழுதிக்கொள்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது.

நாகம்மாள் அக்கா அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தான், நீங்கள் எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள்?

ஃபெபி பிறந்தநாளுக்கு அனுப்பிய போட்டோவில் உங்கள் வலது கை காதர் மைதீன் தம்பி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மாதாகோயில் காலண்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு போட்டோ அனுப்பினீர்களே, அதில் இடது கை மட்டும்தான் தெரிகிறது. தகடு வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர் ஐந்து மாதமாகப் பேனா பிடிக்கவில்லை, மூன்று முறை லீவைத் தள்ளிப்போட்டிருக்கிறார். நெல்லைக் கையில் எடுத்ததும் ஈரம் சொல்கிறவள் நான். இது தெரியாமல் இருந்தேன் என்றால், தெரிந்துகொள்ளப் பயந்தேன் என்று அர்த்தம்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்களும் ஒரு பலகைக்குப் பயந்துதான் மறைக்கிறீர்கள். அதை மாட்டியதும் நானேதான். திருச்சி ஏர்போர்ட்டில் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போன மாதிரியே முழுசா வந்து சேரணும், ஒரு கொறை இருந்தாலும் உள்ள விட மாட்டேன்" என்று சொன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் கத்தரிக்காயில் ஒரு ஓட்டை இருந்தாலும் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவள் சொன்னால் யாருக்குத்தான் விளையாட்டாகப் படும்? அதன்பிறகு எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் 'ஒரு குறையும் இல்லையே' என்றுதான் கேட்டிருக்கிறேன். இல்லை என்ற பதிலைத் தவிர வேறு பதிலுக்கு இடமே விடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னபின் சொல்லிக்கொள்ளலாம். ஃபெபிக்கு நான் பக்குவமாகச் சொல்கிறேன். பொக்கை வாயோடு ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு திரிகிற பிள்ளை, அவள் ஒன்றும் பயப்பட மாட்டாள். நானும் பயப்பட மாட்டேன். பயந்தாலும் உங்கள் பக்கத்தில் இருந்து பயந்துகொள்கிறேன்.

வேளாங்கண்ணி மாதாவிடம் உங்களுக்கு ஒன்றும் நேராமல் பார்த்துக்கொள் என்றுதான் இத்தனை நாள் வேண்டினேன். இன்று பூசையில், நேர்ந்ததை அவர் தனியாகச் சுமக்க விடாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

காதர் மைதீன் தம்பிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவர் சகோதரனாக நின்று செய்திருக்கிறார். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதிலை மட்டும் அவரிடம் சொல்லி எழுத வைக்காதீர்கள். நீங்களே எழுதுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் சரி, பக்கத்துக்கு இரண்டே வார்த்தை வந்தாலும் சரி. எந்தக் கையால் எழுதினாலும் அது என் வீட்டுக்காரர் கையெழுத்து.

உங்கள்
அமலி